டயருக்கு எண்ணெய் பூசிய மறுநாள்

மழை பெய்தால் எங்கள் முதலாளி அந்தக் காரைத் தொடமாட்டார். கலவானப் பக்கம் மழை இல்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், வாங்கிய நாளிலிருந்து அது பெரும்பாலும் ஷெட்டில்தான் கிடந்தது.

முதலாளி முஸ்லிம். மாணிக்கக்கல் வியாபாரம். கலவானயில் பங்களாவும் கொஞ்சம் தேயிலைக் காணியும் உண்டு. நான் அவருடைய கொழுந்து லொறியை ஓட்டுகிறவன். அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்து லொறி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கையும் காலும் பழகியதுதான் படிப்பு.

கார் ஜப்பானிலிருந்து வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. மூக்கு நீளம், வால் குட்டை. என்ஜின் முன்னால் இருந்தாலும் வண்டியைத் தள்ளுவது பின் டயர் இரண்டும்தான். முதலாளி ஒரு நாள் தூறலில் பெல்மதுளையிலிருந்து வரும்போது வளைவில் காலைக் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டார். கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றதாம். ஒரு கீறல் இல்லை. ஆனால் மனுஷன் வீட்டுக்கு வந்து மூன்று கோப்பை தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். சாவியை என் கையில் வைத்துவிட்டார். "அது காரில்ல, பேய், ஜின்னு. இனி ஒங்கட பொறுப்பு. கெழமைக்கு ரெண்டு தரம் ஓட்டி பெட்டரிய உசிரோட வைங்கோ."

"அப்ப வித்துருங்களேன் மொதலாளி."

"விக்கவா? சும்மா பாத்துக்கிட்டு ஈந்தாலே மனசுக்கு ஒரு சந்தோஷம் ஈக்குது. ஒங்களுக்கு வெளங்காது."

எனக்கு விளங்கியது. நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

லொறியும் பின் டயரில் போகிற வண்டிதான். கொழுந்து ஏற்றியிருந்தால் பயம் இல்லை. வெறும் லொறியில்தான் ஆபத்து. பின்னால் பாரம் இல்லாததால் ஈர ரோட்டில் வால் ஆடும். அதனால் லொறிக்காரன் எவனும் மழையில் வளைவுக்குள் போய் பிரேக் பிடிக்கமாட்டான். வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துக்கொள்வான். காருக்கும் அதே பாடம்தான், ஆனால் அது பத்து மடங்கு அவசரக்காரன். லொறியில் எக்ஸிலேட்டரை மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் நகரும். இது நினைப்பதற்கு முன்னே போய்விடும். அதனால் காலுக்குக் கீழே முட்டை இருக்கிற மாதிரி மிதிக்கப் பழகினேன். இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புவது, வளைவின் நடுவில் காலைத் திடீரென்று எடுக்காமல் இருப்பது, பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே தாண்டுவது. டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்லி முதலாளியிடம் நாலு புது டயரும் வாங்கவைத்தேன். தண்ணீர் வழிந்தோட ஆழமான கோடுகள் உள்ள டயர். அந்த டயர்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் சம்சாரத்தின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். மூன்று வருடமாக இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்து, வலது கண் அறவே மறைத்துவிட்டது. இடது கண்ணில் ஆள் நிழல் தெரியும், முகம் தெரியாது. மலையில் தண்ணி ஓடுகிற கானுக்குள் காலை விட்டு இரண்டு தடவை விழுந்தபிறகு கங்காணி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்க ரொம்ப நாள் காத்திருந்தோம். முதலில் கிடைத்த தேதிக்குப் போனபோது சீனி வியாதி கூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் நல்ல மனுஷன். "வலது கண்ணில் வெள்ளை முற்றிவிட்டது, அம்மா. இன்னும் தள்ளிப்போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பிறகு ஆபரேஷன் செய்தாலும் பார்வை வராது" என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் சீனியைத் தொடவில்லை. எங்கள் ஆட்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து, நக்கிக்கொண்டே பால் விடாத சாயத்தண்ணி குடிப்பவர்கள். அவள் வெறும் சாயத்தண்ணியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். "இது என்ன, மருந்தா தண்ணியா?" என்று ஒவ்வொரு நாளும் திட்டுவாள், ஒவ்வொரு நாளும் குடிப்பாள். இரண்டாவது தேதி கிடைத்தது. காலை எட்டு மணிக்கு வார்டில் பெயர் வாசிப்பார்கள், அதற்குள் இருக்க வேண்டும், இல்லாதவர் பெயர் அடுத்த தவணைக்குப் போய்விடும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார்கள்.

அந்தத் தேதி ஆயுத பூசைக்கு மறுநாளாக அமைந்தது. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூசை என்றால் தோட்டத்தில் லொறிக்கும் பெக்டரி மெஷினுக்கும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். முதலாளியின் கொழுந்து லொறி கியர்பெட்டி பழுதாகி கராஜில் நின்றதால், அந்த வருடம் பூசைக்கு என்னிடம் இருந்தது சிவப்புக் கார்தான். முதலாளியிடம் கேட்டேன். "செய்ங்கோ. ஒங்கட நம்பிக்க. வண்டி நல்லா ஈந்தா எனக்குப் போதும்" என்றார். கழுவித் துடைத்து, மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டேன். லொறிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பூசைக்கு டயர் கறுப்பாகப் பளபளவென்று இருக்க, தேங்காயெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து துணியில் தொட்டு டயரின் பக்கவாட்டில் பூசுவோம். லொறி டயர் பெரிசு, பக்கவாட்டு அகலமானது, அத்தோடு நின்றுவிடும். அப்படியே மிச்சமாக வழிந்தாலும் தோட்டத்து மண்ரோட்டில் நூறு யார் தூரம் ஓடினால் மண் எல்லாவற்றையும் உரசி எடுத்துவிடும்.

கார் டயரின் பக்கவாட்டு ஒரு சாண்கூட இல்லை. பூசிப் பார்த்தேன், திருப்தி இல்லை. மறுநாள் அவளுக்குக் கண் ஆபரேஷன், அரைகுறையாகச் செய்வானேன் என்று, தரையில் படுகிற முகத்துக்கும் சேர்த்துப் பூசினேன். கோட்டுக்குள்ளேயும் விரலை விட்டுத் தேய்த்தேன். இரண்டு தடவை. டயர் நாலும் கண்ணாடி மாதிரி மின்னியது. அவற்றின் பக்கவாட்டிலும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஒரு உருட்டு உருட்டிவிட்டு, சூடம் காட்டி, "மாரியாத்தா, அவ கண்ணத் தொறந்து விடு தாயே" என்று விழுந்து கும்பிட்டேன். பிறகு ஷெட்டை மூடினேன். மறுநாள் அதில் போகப் போகிறோம் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லியிருந்தோம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஆட்டோக்காரத் தம்பி போன் பண்ணினார். அவர் வீட்டுக்கு முன்னால் ஓடை பெருகி ரோடு மூழ்கிவிட்டது, வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. அவள் ஆஸ்பத்திரி பையை மடியில் வைத்து, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். மழை கூரைத்தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்லீங்க," என்றாள். "அடுத்த தேதி குடுப்பாங்க."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். வேன் கொழும்புக்குப் போயிருக்கிறது என்றார். பிறகு அவரே சொன்னார்.

"அந்த ஜின்ன எடுத்துக்கிட்டுப் போங்கோ."

"மொதலாளி, மழ..."

"மழயில ஓட்டத் தெரிஞ்ச ஆள் நீங்க மட்டுந்தான். வண்டிக்கு என்ன ஆனாலும் பரவால்ல, ஒங்கட ஆள எட்டு மணிக்குக் கொண்டுபோய் சேத்துடுங்கோ. நான் அல்லாஹ்கிட்ட துஆ கேக்குறேன்."

நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு அந்தக் கார் ஏறாது, வயிறு தரையில் தட்டும். அவளைக் கையைப் பிடித்துப் பெரிய ரோட்டுக்குக் கூட்டிவந்து, பஸ் நிற்கிற கொட்டிலுக்குள் உட்காரவைத்துவிட்டு, பங்களாவுக்கு ஓடினேன். ஷெட்டிலிருந்து எடுக்கும்போதே ஒரு மாதிரி இருந்தது. காலை வைத்த மாத்திரத்தில் பின்பக்கம் கூழில் நின்ற மாதிரி ஒரு உருட்டு உருட்டி, பிறகுதான் நகர்ந்தது. டாஷில் வழுக்குற கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. ஈரச் சிமெந்து, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைக் காருக்குள் ஏற்றுவது ஒரு பாடு. குனிந்தாள், இன்னும் குனிந்தாள், சீட்டைத் தடவினாள், கிடைக்கவில்லை.

"ஏங்க, இது எங்கங்க இருக்கு, குழிக்குள்ளயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ. ஒக்காரு, நான் புடிக்கிறேன்."

"ஒக்காந்துட்டேன். எந்திரிக்கிறதுக்கு கிரேன் கொண்டாரணும்."

சிரித்துக்கொண்டே கிளம்பினோம். மணி ஆறேகால். மெதுவாகத்தான் போனேன், சத்தியமாக மெதுவாகத்தான். ஒரு மைல் கட்டைகூட ஓடியிருக்காது. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் வலது பக்கம் திரும்புகிற ஒரு வளைவு உண்டு. இடது பக்கம் கானும் அதற்குக் கீழே சரிவும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க பிரேக்கைத் தொட்டேன். வேகம் குறையவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், மூக்கு தயங்கித் தயங்கித் திரும்பியது. திரும்பிய மறுகணம் பின்பக்கம் இடது பக்கமாகக் கழன்று போனது.

அந்த நேரத்தில் கால் தானாகப் பிரேக்குக்கு ஓடும். ஓடவிடக் கூடாது. பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், கண்ணைப் பள்ளத்தில் வைக்காமல் போகவேண்டிய ரோட்டில் வைக்க வேண்டும். லொறியில் கை அதைப் படித்திருந்தது. இடது பக்கம் திருப்பினேன், காலை மெல்ல, மெல்லத் தளர்த்தினேன். கார் இரண்டு தடவை வாலை ஆட்டியது. பின் டயர் கான் விளிம்பில் இருந்த புல்லில் ஏறி, அங்கே பிடிப்புக் கிடைத்து நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

"என்னங்க," என்றாள் அவள். பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். "இப்ப என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. லேசா வழுக்கிருச்சு."

"லேசாவா? எனக்கு கண்ணுதான் தெரியல. வயிறு தெரியும்."

நூறு அடிக்கு முன்னால் ஒரு சின்ன ஆப்பக் கடையின் வெளிச்சம் தெரிந்தது. அதுவரைக்கும் மனுஷன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துபோய் நிறுத்தினேன். என் மனதில் என்னென்னமோ ஓடியது. பூசையில் ஏதாவது குறை வைத்துவிட்டேனா, நேர்ந்துகொண்ட கோழியைக் கொடுக்காமல் விட்டதாலா, கும்பிட்டுவிட்டு வந்த மறுநாளே மாரியாத்தா இப்படிச் சோதிக்கிறாளே என்று. இறங்கி டயரைப் பார்த்தேன். புது டயர், கோடு ஆழமாக இருக்கிறது. காற்றும் சரி. அப்போதுதான் டயருக்குக் கீழே தேங்கியிருந்த மழைத்தண்ணீரைக் கவனித்தேன். கடை வெளிச்சத்தில் அதன் மேல் நீலமும் சிவப்புமாக ஒரு படலம் நெளிந்தது. விரலை டயரில் வைத்து மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்.

என் கையால், பக்தியோடு, கோட்டுக்குள் விரலை விட்டுத் தேய்த்த எண்ணெய். மழைத்தண்ணி அதை என்ன செய்யும்? முத்து முத்தாக மேலே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சோதிக்கவில்லை. நான்தான் என் சம்சாரத்தைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

காருக்குப் பக்கத்தில் வந்து கதவைத் திறந்து சொன்னேன். மறைக்கத் தோன்றியது, ஆனால் முடியவில்லை. "புள்ள, நேத்து பூசைக்கு டயருக்கு எண்ண பூசினேன். அடியிலயும் பூசிட்டேன். அதான் வழுக்குது."

அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "டயருக்கா?" என்றாள்.

"ஆமா."

"எனக்குத் தலைக்கு வக்கிறதுக்கு எண்ண இல்லேன்னு நேத்து தேடினேனே, அந்த எண்ணயா?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அதேதான்."

"இப்படியே மெதுவா போனா வண்டி போயிருமா?"

"போயிரும். ஓட ஓட எண்ணயும் தேஞ்சு போகும். ஆனா முன்னுக்கு நிறைய எறக்கம் இருக்கு. அதுல ஒன்னுல புடிக்கலன்னா நான் ஒண்ணும் செய்ய ஏலாது. கழுவுனா நேரம் போயிரும். எட்டு மணிக்குப் போய்ச்சேர மாட்டோம்."

அவள் பையைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்கென்று புதுசாக வாங்கிய சவுக்காரக் கட்டியைத் தடவி எடுத்து என் பக்கம் நீட்டினாள். "கழுவுங்க. கண்ணு பொழைச்சு ஆளு போனா யாருக்கு புண்ணியம்? சவுக்காரம் மட்டும் போதாது. எண்ணச் சட்டி கழுவுற மாதிரிதான். அடுப்புச் சாம்பல் கேளுங்க, தேங்கா மட்ட கேளுங்க."

கடைக்கார அக்கா சிங்களத்து ஆள். ஆப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார். "மொக்கத அய்யே, டயர் நாவனவத?" என்றார். என்ன அண்ணே, டயரைக் குளிப்பாட்டுறீங்களா என்று அர்த்தம்.

நான் பதில் சொல்வதற்குள் காருக்குள்ளிருந்து இவள் குரல் கொடுத்தாள், அதுவும் சிங்களத்தில்: "மகே மனுஸ்ஸயா ஏகட தெல் காலா, நங்கி!" என் புருஷன் அதற்கு எண்ணெய் பூசிவிட்டார், தங்கச்சி! அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே வாளியில் சுடுதண்ணியும் பழைய பானையில் சாம்பலும் இரண்டு தேங்காய் மட்டையும் கொண்டுவந்து வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் அவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு டயருக்குக் குனிந்துவிட்டார்.

மட்டையைக் கையில் எடுத்தவன் ஒரு கணம் நின்றேன். டயரின் பக்கவாட்டில் நான் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது. கும்பிட்டு வைத்த பொட்டைச் சாம்பலும் சவுக்காரமும் போட்டு உரசுவதா? கை போகவில்லை.

"ஏன் சத்தத்தக் காணோம்?" என்றாள் அவள்.

"பொட்டு இருக்கு புள்ள."

"நெத்தியில வக்கிற பொட்டு மலையில வேர்த்தா அழியுது. அதுக்கெல்லாம் சாமி கோவிச்சிருந்தா நாங்க ஒரு நா கொழுந்து எடுத்திருக்க முடியுமா? தேய்ங்க."

தேய்த்தேன். கோட்டுக்குள் மட்டை நாரை விட்டுத் தேய்த்து, சுடுதண்ணி ஊற்றி, காரை அரைச் சுற்று முன்னால் நகர்த்தி, மறுபடி தேய்த்தேன். சாம்பல் தண்ணி கறுத்து ஓடியது. விரலால் தடவினால் டயர் வெறும் ரப்பராகக் கரகரவென்று ஒட்டும்வரை விடவில்லை. நாலு டயரும் முடிய அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அக்கா எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. இவளுடைய கையைப் பிடித்து, புத்தர் துணை என்கிற மாதிரி, "புதுசரணய்" என்றார். இவளும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சோதனை. நேரம் போய்விட்டது, கால் துடிக்கிறது. அந்தக் காரில் காலை வைத்தால் பத்து நிமிடத்தை எங்கே வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். ஈரமில்லாத நாளாக இருந்தால். முதலில் ஒரு நேரான இடத்தில், பின்னால் யாரும் வராததைப் பார்த்து, பிரேக்கை மெல்ல அழுத்திப் பார்த்தேன். பிடித்தது. "அம்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆனாலும் வேகத்தைக் கூட்டவில்லை. மழை மழைதான்.

நிவித்திகலயைத் தாண்டும்போது மாணிக்கக்கல் தோண்டுகிற இடங்களிலிருந்து வந்த லொறிகள் ரோட்டில் களிமண்ணை இழுத்துவிட்டிருந்தன. மழைத்தண்ணி அதைக் குழம்பாக்கியிருந்தது. அங்கே ஊர்ந்தேன். ஒரு பஸ் எங்களை முந்தியது, காரின் கூரைக்கு மேலால் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு. துடைப்பான் போய் வருவதற்குள் ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கைத் தொடாமல் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அது பஸ்ஸா?"

"ஆமா."

"பஸ் இல்லேன்னு தானே இதுல வந்தோம்?"

"இப்ப வருது. என்ன செய்ய."

கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டோவும் முந்தியது. அதை ஓட்டியவன் தலையை வெளியே நீட்டி, "மாமே, கார வித்துட்டு ஒரு மாடு வாங்குங்க, சுருக்கா போகலாம்!" என்று தமிழிலேயே கத்திவிட்டுப் போனான். அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. "நல்ல வேள, எனக்கு அவன் மூஞ்சி தெரியல" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கி, "மணி என்னங்க?" என்று கேட்டாள்.

ஏழு அம்பது. இரத்தினபுரிக்கு இன்னும் தூரம் இருந்தது. சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "நீங்க அழுத்த வேணாம்" என்றாள். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அழுத்தியிருப்பேனோ என்னவோ.

வார்டுக்குள் நுழையும்போது எட்டு இருபத்தைந்து. பெயர் வாசித்து முடிந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் மிஸ் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "அம்மா, உங்கள் பெயரைக் கூப்பிட்டாச்சு. இல்லை என்று வெட்டியாச்சு." கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம்தான்.

நான் வாயைத் திறந்தேன், சிங்களம் வரவில்லை. என் சம்சாரம்தான் சொன்னாள். ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. ஆட்டோ வராதது, காரில் வந்தது, டயருக்கு எண்ணெய் பூசியது, சாம்பல் போட்டுக் கழுவியது, கழுவாமல் வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்போம், ஆனால் உசிரோடு வந்திருப்போமோ தெரியாது என்று. மிஸ் என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் சாம்பல் கறுப்பு, நகத்துக்குள் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வெளுத்த சட்டை அடுப்புக்கரித்துணி மாதிரி.

"இவரா பூசினது?"

"இவருதான் மிஸ். சாமிக்காம்."

மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, அவள் விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் பார்த்தார். அந்தச் சின்ன மெஷினில் எண் விழும்வரை நான் மூச்சு விடவில்லை. "சீனி நல்லா இருக்கு" என்றார். "எல்லாருக்கும் முடிஞ்ச பிறகு நேரம் இருந்தால் டாக்டர் பார்ப்பார். நான் வாக்குக் கொடுக்க முடியாது. உட்காருங்கள்."

உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக உள்ளே போய், ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தார்கள். பத்து மணி, பதினொரு மணி. அவள் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியில் இருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் வைத்தாள், உள்ளே இரும்பு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். நான் மனதுக்குள் பாடத் தெரிந்த இரண்டே இரண்டு சாமிப் பாட்டை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பாட்டை நிறுத்திவிட்டேன். "தாயே, நான் செஞ்ச முட்டாள்தனத்துக்கு அவ கண்ணப் பறிக்காத, என்னைய எதுன்னாலும் செய்" என்று மட்டும் சொன்னேன்.

"என்ன முணுமுணுக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"சாமிக்கிட்ட பேரம் பேசாதீங்க. சும்மா கும்பிடுங்க."

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மிஸ் கதவுக்கு வந்து, அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்து, சுவரைத் தடவாமல், மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்து அவளுக்குச் செய்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மனுஷன் நல்லா இருக்க வேண்டும் என்று என் பிள்ளைகுட்டிகள் இருக்கும்வரை கோயிலில் விளக்கு வைப்பார்கள்.

இரவு அவளை வார்டில் வைத்திருந்தார்கள். நான் காரை ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு தெரிந்த கடை வாசலில் விட்டுவிட்டு, முதலாளிக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் கதையையும்தான். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அல்லாஹ் காப்பாத்தினான். வண்டி கெடக்கட்டும். ஒங்கட ஆள் எழும்பினா சொல்லுங்கோ" என்றார்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து கட்டை அவிழ்க்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். பஞ்சை எடுத்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், வெளிச்சம் குத்துகிறது என்று. "மெதுவா திறங்க அம்மா" என்றார் டாக்டர். திறந்தாள். கண் சிவந்து, தண்ணி வழிந்தது. டாக்டர் கையை நீட்டினார்.

"எத்தனை விரல்?"

"மூணு."

"இப்ப?"

"ஒண்ணு. அதுல மோதிரம் இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணை இடுக்கி, நெற்றியிலிருந்து தாடைவரை, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்ன புள்ள?"

"முடி பூரா நரச்சிருச்சே," என்றாள். "எப்ப நரச்சுச்சு? ஒரு வார்த்த சொல்லல."